சாம்பலில் விழுந்த கோடு

கோவில்பட்டி
10.3.2025

தங்கை பொன்மணிக்கு அண்ணன் லிங்கராஜ் எழுதுவது.

ஓசூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் சுகம் என்று எழுதினால் அது பொய், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன வாரம் நீ கூப்பிட்டபோது நான் பேசியதில் பாதி உனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். கொசு கடிக்கிறது என்றேன். அதற்கும் "எல்லாம் சரியாயிரும்ணே" என்றாய். நாக்கு தடித்துப்போய், வார்த்தை வருவதற்கு முன்னால் எச்சில் வருகிறது. கேட்கிறவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வாதத்தில் விழுந்தது இடது கையும் இடது காலும்தான். வலது கை எழுதும். முப்பது வருஷம் தபால் ஆபீசில் உட்கார்ந்த உனக்குக் கடிதம் படிக்கத் தெரியாமலா போகும்.

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலியில் ஒரு மையத்துக்கு ஹரி என்னைக் கூட்டிப்போகிறான். நடக்கப் பழக்கும் ரோபோ வைத்திருக்கிறார்கள். இடுப்பிலும் கவட்டையிலும் பட்டை கட்டி மேலே இருந்து தூக்குவார்கள். தொடையிலும் கெண்டைக்காலிலும் இரும்புச் சட்டங்களைப் பூட்டுவார்கள். கீழே ஒரு பட்டை ஓடும், அதற்கு ஏற்றபடி அந்தச் சட்டங்கள் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். எனக்கு முன்னால் தொங்கினவனுடைய வியர்வை நாற்றம் அந்தப் பட்டையில் இருக்கிறது. எனக்குப் பின்னால் வருகிறவனுக்கு என் நாற்றம்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வது ஒரே காரியத்துக்காக. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் நம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். குச்சிக்கு மருந்து முக்குகிற மருந்து அறைக்குப் போகிற நடையில் ஹரி குறுக்கே நின்றுகொண்டான். "அப்பா, உங்க ரூல்தான்" என்றான். நம் அப்பா காலத்து வழக்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அடுப்புச் சாம்பலைச் சலித்து நடையில் பரப்பி நடக்கவிடுவோம். பாதம் மட்டும் பதிந்தால் மருந்து அறைக்குள் போகலாம், காலை இழுத்துக் கோடு விழுந்தால் வெளியே. தரையில் சிந்திய மருந்தில் காலைத் தேய்த்தால் பற்றிக்கொள்ளும் என்று நாற்பது வருஷமாக ஒவ்வொருத்தருக்கும் சொன்னவன் நான். என் இடது கால் ஒரு முழத்துக்குக் கோடு போட்டது. எண்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிக் காரில் ஏறிக்கொண்டேன்.

ஆயுத பூசைக்குள் அந்தச் சாம்பலில் கோடு விழாமல் நடந்து நான் உள்ளே போகவேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

அண்ணன்
லிங்கராஜ்


ஓசூர்
19.3.2025

அன்புள்ள அண்ணனுக்குப் பொன்மணியின் வணக்கம்.

உங்கள் மாப்பிள்ளைக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, எனக்கு முழங்கால் தகராறு. மற்றபடி நாள் ஓடுகிறது. மதினி எப்படி இருக்கிறார்கள்? உங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்களோ என்றுதான் எனக்குக் கவலை.

முப்பது வருஷம் ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தினேன். எனக்கென்று ஒருவர் கைப்பட எழுதி வந்தது இதுதான் முதல் தடவை. அதிலும் முதல் பக்கமே என்னைத் திட்டி. கொசு விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். இனிமேல் புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

மெஷினை வெறுக்காதீர்கள் அண்ணே. கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே மாட்டீர்கள் என்று ஜனவரியில் அழுத வீடு அது. அமாவாசை, கிழமை என்று பார்க்காமல் செவ்வாயும் வெள்ளியும் போய்வாருங்கள்.

ஒன்று கேட்க நினைத்தேன். மருந்து அறையில் வேலை பார்த்த பாலம்மாளுக்கும் இதேபோலத்தானே கைகால் விழுந்தது? ஆறு வருஷம் இருக்கும். இப்போது எப்படி இருக்கிறாள்? யாராவது போய்ப் பார்க்கிறார்களா?

பதில் எழுதுங்கள். மதினிக்கு என் அன்பு.

தங்கை
பொன்மணி


கோவில்பட்டி
8.4.2025

பொன்மணிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துப் பார். உன் மதினி கல்யாணசுந்தரி நன்றாக இருக்கிறாள், என்னைத் திட்டும்போது குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது.

ரோபோவுக்கு முன்னால் ஒரு பெரிய திரை. அதில் பச்சை பனியன் போட்ட ஒரு பொம்மை மனுஷன் பூங்காவில் நடக்கிறான். அவன்தான் நானாம். நன்றாக நடந்தால் கைதட்டிச் சிரிக்கிறான். அறுபத்துமூன்று வயதில் அந்தப் பல்லிளிப்பைப் பார்த்துக்கொண்டு நாற்பது நிமிஷம் தொங்கவேண்டும். பயிற்சி கொடுக்கிற முத்துசெல்வி என்கிற பெண் பரவாயில்லை, அதிகம் பேசமாட்டாள். மற்றவர்கள் "சூப்பர் தாத்தா, வெரி குட் தாத்தா" என்று பால்குடிப் பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசுகிறார்கள். ஒருத்தி என் கன்னத்தைத் தட்டினாள். வலது கை அந்தப் பக்கம் இருந்திருந்தால் நானும் தட்டியிருப்பேன்.

முடிந்ததும் மெஷின் மார்க்குப் போடும். போன வெள்ளிக்கிழமை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. ஹரி அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டான். நீயும் பார்த்திருப்பாய். "அண்ணாச்சி சிங்கம்லா" என்று அறுபது பேர் எழுதியிருக்கிறார்கள். சிங்கத்துக்கு அடியில் டயப்பர் கட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வருகிறவர்கள் திராட்சையும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு என் வாயையே பார்க்கிறார்கள். வாய் எவ்வளவு கோணியிருக்கிறது என்று போய்ச் சொல்லவேண்டுமே. நான் வேண்டுமென்றே அவர்கள் முன்னால் பால் குடித்து வழியவிடுகிறேன். சீக்கிரம் எழுந்து போய்விடுகிறார்கள்.

தொண்ணூற்றாறு வாங்குகிறவனுக்கு ஆயுத பூசை வரைக்கும் எதற்கு? வைகாசியிலேயே உள்ளே போய்விடுவேன்.

லிங்கராஜ்


ஓசூர்
2.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே கோடை மழை ஒன்று பெய்தது, வீட்டில் அனைவரும் நலம். வீடியோவைப் பார்த்தேன். நானும் கைகூப்பி ஒரு பொம்மை போட்டேன், அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்ளுங்கள்.

வருகிறவர்கள் முன்னால் பாலை வழியவிடுவதாக எழுதியிருந்தீர்கள். மதினிதானே துடைக்கவேண்டும்? அதை யோசித்தீர்களா?

பாலம்மாளைப் பற்றிக் கேட்டிருந்தேன். மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்தால் ஒரு வரி போதும்.

அன்புடன்
பொன்மணி


கோவில்பட்டி
11.6.2025

பொன்மணிக்கு,

மாப்பிள்ளைக்குச் சர்க்கரை குறைந்ததா? இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை, வெளியே கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.

விழுந்துவிட்டேன். போன மாதம் இருபதாம் தேதி, குளியலறையில். தொண்ணூற்றாறு மார்க்குக்காரன்தானே என்று கம்பை வைத்துவிட்டு இரண்டு அடி எடுத்து வைத்தேன். இடது கால் வரவேயில்லை. மூத்திரம் கழுவுகிற இடத்தில் முகம் பதியக் கிடந்தேன். கல்யாணசுந்தரியும் டிரைவர் சுடலைக்கண்ணுவும் தூக்கினார்கள். எலும்பு தப்பியது. என்னை நானே மோந்து பார்க்கிற நிலைமைக்கு வந்த பிறகு எலும்பு தப்பி என்ன.

மையத்தில் முத்துசெல்வியைப் பிடித்துக்கொண்டேன். வாய் குழற அரைமணி நேரம் கத்தினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"தாத்தா, நான் ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது. நீங்க நடக்கல. மெசின்தான் நடக்குது. நீங்க அதுல தொங்குதீங்க."

"அப்ப தொண்ணூத்தாறு?"

"அது மெசின் வாங்குன மார்க்கு."

மூன்று மாதம், பொன்மணி. மூன்று மாதம் ஒரு மெஷின் வாங்கிய மார்க்கை என் மார்க்கு என்று நினைத்திருக்கிறேன். மெஷின் எவ்வளவு உதவ வேண்டும் என்று ஒரு கணக்கு வைக்கலாமாம். எனக்கு முழு உதவியும் வைத்திருக்கிறார்கள், வீட்டுக்காரர்களுக்கு வீடியோ நன்றாக வரும் என்று. அவள் அதைப் பாதியாகக் குறைத்தாள். அன்றைக்கு நாற்பத்தொன்று. பச்சை பனியன்காரன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவனை அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

இப்போது மெஷினிலிருந்து இறக்கிய பிறகும் விடுவதில்லை. நிற்கவைத்து, சொல்லாமல் கொள்ளாமல் தோளில் ஒரு தள்ளு தள்ளுகிறாள். விழாமல் சமாளிக்கவேண்டும். அப்போதுதான் உடம்புக்குத் தன் நிலை தெரியுமாம். இருபது வயதுப் பெண் தள்ளிவிட, நான் சுவரைப் பிடிக்கிறேன்.

பாலம்மாளைப் பற்றி இரண்டு கடிதத்திலும் கேட்டுவிட்டாய். ஆபீசுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருத்தரும் எப்படி இருக்கிறார்கள் என்று நான் விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா? உனக்கு எதற்கு அது?

லிங்கராஜ்


ஓசூர்
20.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

விழுந்த செய்தியைப் படித்துப் பதறிப்போனேன். குளியலறையில் ரப்பர் விரிப்பு போடச் சொல்லுங்கள், கம்பில்லாமல் போகாதீர்கள். இவர்களுக்குச் சர்க்கரை பரவாயில்லை.

சும்மாதான் கேட்டேன் அண்ணே, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பழைய ஆட்களில் அவள் ஒருத்திதான் என்னை அக்கா என்று கூப்பிடுவாள், அதனால் நினைவு வந்தது. கீழே ஒரு வரியை அடித்திருக்கிறேன். பேனா கசிந்துவிட்டது.

இங்கே பக்கத்து வீட்டில் முருங்கை காய்த்துத் தள்ளுகிறது. தினமும் கொடுத்து அனுப்புகிறார்கள். சாம்பார், பொரியல், கூட்டு என்று செய்து அலுத்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொன்மணி


கோவில்பட்டி
24.8.2025

பொன்மணிக்கு,

எல்லோரும் சௌக்கியம்தானே. இரண்டு மாதம் எழுதவில்லை, எழுத நேரமில்லை. நான் நடந்துகொண்டிருக்கிறேன்.

நீ அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தபால் ஆபீஸ்காரி அடித்தால் அடித்ததுதான்.

மெஷினின் உதவியை நாலில் ஒரு பங்காகக் குறைத்தாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை எழுபத்திரண்டு மார்க்கு. இது என் மார்க்கு. பட்டை கட்டும் இடத்தில் தோல் உரிந்து புண்ணாகி, அதற்குக் களிம்பு போட்டு, களிம்பும் வியர்வையும் கலந்து ஒரு வாடை வருகிறது. சாப்பிடும்போதுகூட அது மூக்கைவிட்டுப் போகவில்லை. இருந்தாலும் எழுபத்திரண்டு.

வீட்டில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் சாம்பல் பரப்பி நடந்து பார்க்கிறேன். கேஸ் அடுப்புக் காலத்தில் சாம்பலுக்கு எங்கே போவது? சுடலைக்கண்ணு டீக்கடையிலிருந்து வாங்கி வருகிறான். கல்யாணசுந்தரி தினமும் பெருக்கிவிட்டுச் சத்தம் போடுகிறாள். "ஊர்ல நடக்கணும்னா எல்லாரும் பார்க்குக்குப் போறாவ. இவிய எங்க அடுப்படியப் பாழாக்க வாராவ." மார்ச்சில் ஒரு முழம் இருந்த கோடு இப்போது ஒரு விரல்கடைதான்.

ஆயுத பூசைக்குக் கோடு போய்விடும் என்று முத்துசெல்வி சொல்கிறாள். ஆனால் அதோடு நிறுத்தக்கூடாதாம். இன்னும் ஆறு மாதமாவது வரவேண்டும், விட்டால் கால் பழையபடி இழுக்கும் என்கிறாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மெஷினுக்கு இருபது பேர் காத்துக்கிடக்கிறார்கள், என் செவ்வாயையும் வெள்ளியையும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்தப் பெண்ணுக்குச் சொந்த ஊர் புதூர் பக்கம். தீப்பெட்டி ஆபீஸ் என்றதும் ஊர்க்கதை ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

லிங்கராஜ்


கோவில்பட்டி
3.10.2025

பொன்மணிக்கு,

உன் நலத்தை இந்தத் தடவை விசாரிக்கவில்லை. விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

முந்தாநாள் ஆயுத பூசை. ஆபீஸ் முழுக்கக் கழுவி, தள்ளுவண்டி முதல் தராசு வரை சந்தனம் வைத்திருந்தார்கள். நடையில் நானே சாம்பல் பரப்பச் சொன்னேன். கம்பை ஹரியிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். பன்னிரண்டு அடி. திரும்பிப் பார்த்தால் பன்னிரண்டு பாதம், கோடு இல்லை. எண்பது பேரும் கைதட்டினார்கள். ஹரி அழுதுவிட்டான். மருந்து அறை வாசலுக்கு வந்துவிட்டேன், ஒரு அடி வைத்தால் உள்ளே.

அப்போது சீனித்தாய் பேசினாள். முப்பது வருஷமாக மருந்து அறையில் இருக்கிறவள். என்னிடம் பேசவில்லை, பக்கத்தில் நின்றவளிடம்தான் பேசினாள், எனக்குக் கேட்கட்டும் என்று.

"இவியளுக்கு எட்டு மாசம் குடுத்தாவ. பாலம்மாளுக்கு எட்டு நிமிசம் குடுக்கலயே."

நீ கேட்டுக் கேட்டு நான் எழுதாமல் விட்டது இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதம், காலை எட்டு மணி. பாலம்மாள் காலை இழுத்துக்கொண்டு வந்தாள். "ஏட்டி, தூங்கி வழியுத? கால எடுத்து வச்சு நட" என்றேன். சாம்பலில் நடக்கவிட்டேன். கோடு. திரும்ப நடக்கவிட்டேன். இன்னும் பெரிய கோடு. "காலு கேக்க மாட்டேங்கு அண்ணாச்சி" என்றாள். வார்த்தை குழறியது. வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுகிறாள் என்று நினைத்தேன். "கேக்கலன்னா வீட்ல போயி உக்காந்து கேக்க வை" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

தனியாகப் புதூர் பஸ்ஸில் அனுப்பினேன். இறங்கும்போது படியிலேயே விழுந்திருக்கிறாள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டதாம்.

எனக்கு வாய் கோணியதைக் கல்யாணசுந்தரி பார்த்தாள். நாற்பது நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நேரத்தில் வந்ததால்தான் பிழைத்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். அவளுடைய நேரத்தை நான் சாம்பல் பரப்பித் தின்றிருக்கிறேன். ஒரு மனுஷி என் கண்ணெதிரே விழுந்துகொண்டிருந்தாள், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தை ஒருதடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். விழுந்த செய்தி மறுநாளே வந்தது. நல்லவேளை, நம் ஆபீசில் விழவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் உள்ளே போகவில்லை. வாசல்படியிலேயே வாந்தி எடுத்தேன். வெறும் வயிற்றோடு நின்றதால் வந்தது என்று ஹரி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். எட்டு மாதமாக மெஷின், பொம்மை, டயப்பர், என் எச்சில் என்று எல்லாவற்றையும் பார்த்து எனக்குக் குமட்டியது. குமட்ட வேண்டிய சாமான் இது.

இன்னொன்றும் நினைவு வந்தது. நீ அன்றைக்கு அங்கே இருந்தாய். ஹரி கல்யாணத்துக்கு வந்துவிட்டு, ஊருக்குக் கிளம்பும்முன் ஆபீசில் சொல்லிக்கொள்ள வந்தாய். என் பக்கத்தில்தான் நின்றாய். நீ என்ன பார்த்தாய், அதை எழுது.

லிங்கராஜ்


ஓசூர்
17.11.2025

அண்ணனுக்கு,

ஒன்றரை மாதம் எழுதவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, இவர்களும் நன்றாக இருக்கிறார்கள். நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்தேன்.

என் மாமியார் விழுந்தபோது பக்கத்தில் இருந்தவள் நான். அது எப்படி ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பாலம்மாள் என்னைப் பார்த்து "வாங்கக்கா" என்று சிரித்தாள். பாதி வாய் சிரித்தது. பாதி வாய் அப்படியே இருந்தது.

நான் பார்த்தேன் அண்ணே. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

பத்தரை மணிக்கு மதுரை ரயில். எல்லோர் முன்னாலும் உங்களை மறித்துச் சொன்னால் கோபப்படுவீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்றால் ரயில் போய்விடும். ஒருவேளை அப்படி இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் கொடுத்த கடலைமிட்டாய் டப்பாவை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். சாத்தூர் வருவதற்குள் அதில் பாதியைத் தின்றிருந்தேன். பசிக்கவில்லை, இருந்தாலும் தின்றேன்.

நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். நான் தெரிந்து செய்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் அவளைக் கேட்டது அக்கறையில் இல்லை. நன்றாக இருக்கிறாள் என்று நீங்கள் ஒரு வரி எழுதிவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன். உங்களுக்கு வந்தபோது ஜனவரியில் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து அழுதேனே, அதில் பாதி இதற்குத்தான். அடித்த வரியும் இதுதான்.

இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம் என்று தோன்றினால் எழுத வேண்டாம்.

பொன்மணி


கோவில்பட்டி
10.12.2025

பொன்மணிக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்மேல் அருவருப்பாக இருந்தது. மூன்றாம் நாள், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வேறு எப்படி இருப்போம் என்று தோன்றியது. கிளம்பிப் புதூருக்குப் போனேன்.

முந்தின நாள் மழை. பாலம்மாள் வீட்டுக்குப் போகிற வண்டிப்பாதையில் கார் சக்கரம் புதைந்துவிட்டது. இறங்கி நடந்தேன். கரிசல் சகதி உனக்குத் தெரியுமே, ஒரு அடிக்கு ஒரு கிலோ ஒட்டிக்கொள்ளும். அவள் வீட்டு வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது குப்புற விழுந்தேன். அவள் வாசலில் ஒரு சாக்கில் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷமாக அந்தச் சாக்கில்தான், ஒரு கையால் தரையைத் தள்ளித் தள்ளி நகர்கிறாள். அவள் மகள் பூங்கொடி என்னைத் தூக்க ஓடிவந்தாள். பாலம்மாள் ஏதோ சொன்னாள். ஓடிவந்த பதற்றத்தில் மகளுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. "ஏட்டி, தொடாத. அவியளே எந்திரிச்சு வரட்டும்." அவள் பேச்சும் என் பேச்சும் ஒரே குழறல். பதினோரு மாதமாக நான் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை, அவளுக்கு எல்லாம் புரிகிறது.

எழுந்து வர எனக்குக் கால்மணி நேரம் ஆனது. அவள் கண்ணை எடுக்கவில்லை. மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெஷினைப் பற்றிச் சொன்னேன். திரும்பினாள்.

"அதுல ஏத்துனா நிக்கலாமா?"

ஆறு வருஷம் கழித்து நடப்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றும், பிடித்துக்கொண்டு நிற்கலாம், தானாகக் கக்கூசுக்குப் போகலாம் என்றும் முத்துசெல்வி எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். "அது போதும்" என்றாள்.

மெஷினில் இடம் இல்லை. அதனால் என் செவ்வாயும் வெள்ளியும் இனி அவளுக்கு. ஹரி குதித்தான். "கஷ்டப்பட்டு வாங்குன காலை நாசம் பண்ணுதீங்கப்பா" என்றான். முத்துசெல்வியும் தடுத்துப் பார்த்தாள். அவள் சொன்னது சரிதான், இப்போதே விரல்கடைக் கோடு திரும்ப வந்துவிட்டது. இழுத்துக்கொண்டு நடக்கிறேன். மருந்து அறைக்குள் இனி நான் போகப்போவதில்லை. அங்கே எனக்கு வேலையும் இல்லை.

நேற்றுத்தான் அவளுக்கு முதல் நாள். பட்டையைக் கட்டி மெதுவாகத் தூக்கினார்கள். நான் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். அவள் என்னைவிட உயரம் என்பது இருபது வருஷம் வேலை வாங்கியும் எனக்குத் தெரியாது. மேலே நின்று என்னைக் குனிந்து பார்த்தாள். பொம்மையை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வாயை அடக்கி, தொண்டையிலிருந்து இழுத்து, என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

வாய் கோணலாக இருக்கிறதா, எச்சில் என்மேல் வரவில்லை. அவள் தாடையிலும் பட்டையிலும் வழிந்தது. நான் எழுந்து துண்டால் துடைத்துவிட்டேன். கையைத் தட்டிவிட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள்.

"என்ன தாத்தா சொல்லுதாவ?" என்று முத்துசெல்வி கேட்டாள்.

"இன்னொரு தடவ நேரா துப்புவாளாம். வாய்க்கும் பயிற்சி குடுக்கச் சொல்லுதா" என்றேன்.

முத்துசெல்வி சிரிக்கவில்லை. அட்டையில் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது காரில் வைத்து, நீ அன்றைக்குப் பார்த்ததை அவளிடம் சொன்னேன். கயத்தாறு தாண்டியதும், உன்னையும் கூட்டிவரச் சொன்னாள். எனக்குப் பக்கத்தில் உனக்கும் ஒரு நாற்காலி போடவேண்டுமாம்.

பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்குக் கார் புதூருக்குக் கிளம்பும். வந்து சேர்.

அண்ணன்
லிங்கராஜ்